சனிக்கிழமைச் சட்டிகள்

1954 மே 8, சனி
நோன்பு 4. அம்மா 28.

காலையிலிருந்து மூடுபனி, நடுவில் தூறல். விறகு ஈரம். புகையில் கண் எரிச்சல்.

மேலே எழுதியது இரண்டு கணக்கு. முதலாவது ஊரே வைத்திருக்கிற கணக்கு. இரண்டாவது எனக்கு மட்டும். அம்மா மௌத்தாகி இன்று இருபத்தெட்டாம் நாள். இந்த நோட்டு மைதா மூட்டைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. இவர் தொடவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டி எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்.

மலையில் சீசன் உச்சம். இரண்டு மணிக்குக் கடைசி ரொட்டி வெளியே வந்ததும் பின்வாசலில் சட்டிகள். பங்களா வீடுகளிலிருந்து வருபவை. ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் மிஞ்சுகிற சூட்டில் வேக வைத்துக் கொடுப்போம். நாலு வருஷமாக இந்தப் பழக்கம். அவர்கள் வாயில் அது காசரோல். இவர் வைத்த பெயர் மூடுசட்டி.

இன்று வந்தவை:
ஏரிக்கரை வீடு - கோழியும் சோறும், 1
டாக்டர் வீடு - முட்டைக்கோஸும் கொத்துக்கறியும், 1
ப. அம்மா - 6

ப. அம்மா என்றால் மேட்டுப் பங்களா அம்மா. வெள்ளைக்காரி. புருஷன் பாதிரியார், வருஷம் முழுக்கக் கீழே சமவெளியில் வேலை. மே மாதம்தான் மேலே வருவார்கள். ஐந்து பிள்ளைகளும் விடுதியை விட்டு வந்து அந்த ஒரு மாதம் தாயோடு இருக்கும். அந்த அம்மாவுக்கோ கூட்டம், பாட்டு, தமிழ்ப் பரீட்சை என்று கால் தரையில் நிற்பதில்லை. அதனால் சனிக்கிழமை ஒரே நாளில் வாரத்துக்கும் ஆக்கி வைத்துவிடுவார். ஞாயிறு சமைக்கக் கூடாது, அது அவர்கள் மார்க்கம். ஒவ்வொரு சட்டியிலும் கிழமை எழுதிய சீட்டு, நூலில் கட்டித் தொங்கும். பங்களா அடுப்பில் ஒரு சட்டிக்கு மேல் நுழையாதாம். இங்கே வெந்து, அங்கே வராந்தாவில் கம்பிவலை அலமாரிக்குள் ஏறிவிடும். இந்தக் குளிரில் எதுவும் ஊசாது.

"வியாழக்கெழமைப் பசி என்ன கேக்கும்னு சனிக்கெழமையே எப்படித் தெரியும்?" இவர் வாராவாரம் கேட்கிற கேள்வி. எனக்கு அந்த அலமாரியை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆறு நாள் வரிசையாக நிற்குமாம். எனக்கு நாளைக்கு என்ன என்றே தெரிவதில்லை.

வழக்கமாகச் சமையல்காரர் ஞானமுத்துதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார். தங்கை மகள் கல்யாணத்துக்குப் பண்ணைக்காடு போய்விட்டார். ஒரு கூலியாளோடு ப. அம்மாவே வந்தார். அவர் தமிழ் படித்த தமிழ். "தாங்கள் நலமா? அடுப்பு ஆயத்தமா?" என்றார். நாமெல்லாம் ஆமா என்போம், அவர் ஆம் என்பார். மாவு பிசைகிற மஸ்தான் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியாது, மூட்டைக்குப் பின்னால் போய்விடுவார்.

என்ன கறி என்று கேட்காமல் எந்தச் சட்டியையும் உள்ளே விடுவதில்லை. ஆடு, கோழி என்றால் சரி. பஜாரில் நம் கடைகளில் அறுத்ததுதான் பங்களாக்களுக்கும் போகிறது. ஒவ்வொன்றாகச் சொன்னார். உருளைக்கிழங்கும் பாலும். மாக்ரோனி. கோழி. கேரட். மறுபடி உருளைக்கிழங்கு. கடைசியில் பெரிய சட்டி, வியாழன் சீட்டு.

"இது ஆட்டுக்கறியாம்மா?"

"ஆம்."

"சரிம்மா."

மூடியில் சாக்கட்டியால் குறி போட்டு உள்ளே தள்ளினேன்.

வியாழன் சட்டி பொங்கி வழிந்தது. வெல்லம் கருகுகிற வாசனை. "ஆட்டுக்கறிக்கு வெல்லம் போட்டா என்னத்துக்காகும்?" என்றார் மஸ்தான் அண்ணன். துடுப்பால் சுரண்டிப் பார்த்தேன். தரைச் செங்கலில் கறுப்பாக ஒரு திட்டு, உள்ளங்கை அகலம். போகவில்லை.

சாயங்காலம் பள்ளிவாசலுக்கு பன் போயிற்று, நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள. ஒரு கூடை கூடுதலாக.

அழுகை வருகிறதா என்று பார்த்தேன். இல்லை.

மே 9, ஞாயிறு
நோன்பு 5. அம்மா 29.

வெயில். கூட்டம். ரொட்டி மத்தியானமே தீர்ந்துவிட்டது. இடது கட்டை விரலில் சூடு. வலி தாமதமாகத்தான் தெரிந்தது.

மே 10, திங்கள்
நோன்பு 6. அம்மா 30.

ஒட்டன்சத்திரத்திலிருந்து அண்ணன் கடிதம். காய்கறி மண்டியில் எழுத்து வேலை பார்ப்பதால் கடிதமும் சரக்குச் சீட்டு மாதிரிதான் இருக்கும். "20 வியாழன் அம்மாவுக்கு நாற்பதாம் ஃபாத்திஹா. முதல் பஸ்ஸுக்கு வரவும். ரஸ்க் கொண்டு வரவும். வேறு எதுவும் வேண்டாம்."

அம்மாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. டீயில் நனைத்த ரஸ்க்தான், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. எங்கள் அடுப்பு ரஸ்க்தான் வேண்டும். நான் போய் இறங்கினால் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்ப்பாள். "வெரசா டீயப் போடு" என்பாள்.

மௌத்தான தந்தி எனக்கு வந்தபோது கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முடிந்து, வீடு கழுவி, பாய் விரித்திருந்தார்கள். இவர் எதிரிலேயே மதினி என்னைக் கட்டிக்கொண்டு சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மௌத்தக் குளிப்பாட்ட வெதுவெதுன்னு தண்ணி கலந்து, மகளுக்குன்னு ஒரு செம்ப ஒதுக்கி வச்சுப் பாத்தோம் மைமூனு. நேரமாச்சுன்னு ஆம்பளைக சத்தம் போட்டாக. அந்தச் செம்பையும் நானே ஊத்திட்டேன்."

"நல்லது மதினி" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. உள்ளே என்னவோ மரத்துக் கிடக்கிறது, இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது.

மைதா 3 மூட்டை வேண்டும். டால்டா. உப்பு.

மே 11, செவ்வாய்
நோன்பு 7. அம்மா 31.

மழை. மத்தியானம் ஞானமுத்து வந்தார், பங்களாவுக்கு ரொட்டி வாங்க. கல்யாணத்து வெற்றிலை வாயோடு.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுங்க. நான் ரெண்டு நாளு இல்லாட்டி என்ன, அலமாரி நெறஞ்சு கெடக்கு. வியாழக்கெழமைச் சட்டிக்கு அம்மா அவுக ஊருலருந்து கப்பல்ல வந்த டின்னையில்ல ஒடச்சிருக்காக. ஆறு மாசமாப் பூட்டி வச்சிருந்ததுங்க, பிள்ளைக வந்ததும் செய்யணும்னு."

"டின்னுல என்ன?"

"ஹாமுங்க."

"என்னது?"

"ஹாம். அதாங்க, பன்னித் தொட."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அத எங்கங்க வேக வச்சாக? பங்களா அடுப்புலதான?"

நான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். யார்ட்டயும் சொல்லாதீங்க."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. ஹாம் என்றார். நான் ஆம் என்று கேட்டேன். எப்போதும் ஆம் என்கிறவர் ஆயிற்றே.

நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். படபடக்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் ரொட்டி அந்தத் தரையில் வெந்து, பஜார் முழுக்கத் தின்று, பள்ளிவாசலில் நோன்பும் திறந்தாகிவிட்டது. அதை ஒரு விலாசம் வாசிப்பது போல மனசுக்குள் வாசித்தேன். இன்றைக்கும் பன் கூடை போயிற்று. நான்தான் துணி போட்டு மூடி அனுப்பினேன்.

மே 12, புதன்
நோன்பு 8. அம்மா 32.

சொல்ல வேண்டும். இவரிடம் சொன்னால் அடுப்பை அணைக்க வேண்டும். கடை திறந்த நாளிலிருந்து இந்த அடுப்பு ஆறினதில்லை. இவ்வளவு செங்கல் ஆற மூன்று நாள் ஆகும், ஆறாமல் உள்ளே இறங்கிக் கழுவ முடியாது. புகைக்கூண்டில் புகை இல்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பஜாரே வாசலில் நிற்கும். ரகசியமாகக் கழுவ வழி இல்லை. கழுவினால் சொன்ன மாதிரி. சொன்னால் கடை போன மாதிரி. ஹராம் பட்ட அடுப்பு ரொட்டி என்று ஒரு தடவை பெயர் வந்தால் யார் வாங்குவார்கள்.

இவ்வளவும் யோசித்தேன். யோசித்ததில் பயம் இல்லை. பயந்திருந்தாலாவது வாய் திறந்திருப்பேனோ என்னவோ.

பன் கூடை போயிற்று.

மே 13, வியாழன்
நோன்பு 9. அம்மா 33.

ப. அம்மா கடைக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, "இன்று இரவு அந்தச் சட்டி. பிள்ளைகளுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தங்கள் அடுப்புக்கு நன்றி" என்றார்.

"சனிக்கெழம அதுல என்ன கறின்னு சொன்னீங்கம்மா?"

"ஆட்டு இறைச்சியா என்று தாங்கள் வினவினீர்கள். நான், ஹாம், என்றேன். தாங்கள் சரி என்றீர்கள்." என் முகத்தைப் பார்த்தார். "சரி இல்லையா?"

"சரிதாம்மா."

இன்னொரு தடவை சரி. என் வாயில் வேறு சொல்லே இல்லை போல.

சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டு இவர் நல்ல மனநிலையில் இருந்தார். "நாளைக்கு ஒங்கம்மா ரஸ்க்குக்கு ரொட்டி போட்டுருவோம். ரெண்டு நாளு காயணும், அப்பறம் அறுத்து மறுபடி சுடணும். நெய் கூட ஊத்துறேன். அத்த மண்ணுக்குள்ள இருந்தே வெரசா டீயப் போடுன்னு சொல்லணும்."

சிரித்தார். நானும் வாயைச் சிரிப்பு மாதிரி வைத்துக்கொண்டேன்.

அந்தத் திட்டு இருக்கிற இடத்தில் எந்தத் தட்டு வரும் என்று எனக்குத் தெரியும். இடது மூலை. மென்மையானதெல்லாம் அங்கேதான் வைப்பார், சூடு சீராக இருக்கும் என்று.

மே 14, வெள்ளி
நோன்பு 10. அம்மா 34.

விடிவதற்கு முன் சஹருக்கு எழுந்து சோறு வைத்தேன். அதன் பிறகு அடுப்புக்கு முதல் விறகு வைப்பது என் வேலை. கையில் எடுத்தேன். எடுத்த விறகைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். உட்கார்ந்தேன். தீர்மானம் என்று ஒன்றும் எடுக்கவில்லை. கை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தொழுதுவிட்டு வந்தார்.

"ஏ மைமூனு, அடுப்பு ஏன் செத்துக் கெடக்கு?"

"நான் வெறகு வைக்கல."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. போன சனிக்கெழம பங்களாச் சட்டி ஒண்ணு பொங்கி வழிஞ்சுதுல்ல. அது ஆட்டுக்கறி இல்ல."

நின்றார். "பின்ன?" என்றார். அவர் குரல் இறங்கியது. "பன்னியா?"

"ஆம்" என்றேன். பேச்சில் அந்தச் சொல்லை நான் சொன்னது வாழ்க்கையில் முதல் தடவை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. விரலை மடக்கினார். செவ்வாய், புதன், வியாழன். மூன்று விரலையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அடுப்பு வாயின் இரும்புக் கதவை முழுதாகத் திறந்துவிட்டார், வெரசாக ஆறட்டும் என்று. என்னிடம் அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை.

மஸ்தான் அண்ணன் பிசைந்து வைத்த மாவு சுடுவதற்கு ஆளில்லாமல் பொங்கிப் பொங்கிப் பெட்டியை விட்டு வழிந்தது. யாரும் தொடவில்லை. கடைசியில் பக்கத்து மாட்டுக்குப் போயிற்று.

ஜும்மா முடிந்ததும் இவர் எழுந்து நின்று ஜமாத்தில் சொன்னாராம். மஸ்தான் அண்ணன் வந்து சொன்னார். "எங்க அடுப்புல ஹராம் பட்டுப் போச்சு, தெரியாம நடந்தது. ஆனா எங்களுக்குத் தெரிஞ்சு மூணு நாளாச்சு. சொல்லாம ரொட்டி குடுத்தது எங்க தப்பு" என்று.

எங்களுக்கு என்றாராம். எங்க தப்பு என்றாராம்.

அவருக்குத் தெரிந்தது இன்று காலையில். பள்ளிவாசலுக்குள் நின்று, நோன்போடு, எனக்காக அந்த ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மே 15, சனி
நோன்பு 11. அம்மா 35.

வெயில். புகைக்கூண்டு சும்மா நிற்கிறது. காக்கை ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதற்கு இன்றுதான் இடம் கிடைத்திருக்கிறது.

பள்ளிவாசல் அசரத் வந்து அடுப்பைக் குனிந்து பார்த்தார். "தெரியாமத் தின்னவங்களுக்குக் குத்தமில்ல. தெரிஞ்சு குடுத்தவங்க அல்லாட்ட மன்னிப்புக் கேட்டுக்கிருங்க. ஏழு தண்ணி ஊத்திக் கழுவுங்க, அதுல ஒரு தண்ணி மண்ணு கலந்து. மனசுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

எதிர் வரிசை ஜவுளிக்கடை மாமா வாசலில் நின்றபடியே சொன்னார். "காதரு, ஒன் மேல கோவமில்ல. ஆனா இனிமே எங்க வீட்டுக்கு ரொட்டி அனுப்பாத. தொண்டைக்குள்ள எறங்காது." இவர் "சரிங்க மாமா" என்றார். பின்னால் நின்று கேட்டேன். எட்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிற ரொட்டி. அந்த மாமி பிரசவத்துக்கெல்லாம் நான் கூட இருந்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வீடு அப்படி. மற்றவர்கள் கழுவின பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். மூன்றாம் வீட்டு ஆயிஷா ஒரு தூக்குக் கஞ்சி கொடுத்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் பின்வாசலில் சட்டிகள் வழக்கம் போல. ஏரிக்கரை வீடு, டாக்டர் வீடு. அடுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினேன். ஞானமுத்து கூடையோடு வந்து நின்றார், ஆறு சட்டி, ஆறு சீட்டு. நடந்ததைச் சொன்னேன். கூடையை இறக்காமலே திரும்பிவிட்டார். அரை மணியில் ப. அம்மா ஓடி வந்தார், தொப்பிகூட இல்லை.

"மூடி இருந்தபடியால் தாங்கள் அனுமதித்தீர்கள் என்று எண்ணினேன். நான் பெரும் பிழை செய்தேன்."

"நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. நான்தான் தப்பாக் கேட்டேன்."

"ஆம் என்றா கேட்டது?"

"ஆமாம்மா."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. யாருக்கெல்லாமோ எவ்வளவு சீக்கிரம் வருகிறது.

இவர் இன்றும் பேசவில்லை. சஹருக்குத் தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். எடுத்தால் எழுந்துவிடுகிறார்.

மே 16, ஞாயிறு
நோன்பு 12. அம்மா 36.

அடுப்புக்குள் கை நீட்டிப் பார்த்தேன். இன்னும் சூடு. நாளை ஆறிவிடும்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஞானமுத்து. கையில் புது மண்சட்டி. பஜாரில் வாங்கியது, அடியில் சூளைச் சாம்பல் இன்னும் போகவில்லை. மூடியில் நூலில் கட்டின சீட்டு, ப. அம்மா கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

"இதில் ஆம் இல்லை. நேற்றே செய்தது."

மஸ்தான் அண்ணன் வாங்கி வாசித்தார். "ஆமும் இல்ல, இல்லையும் இருக்கு. என்னதான் சொல்ல வருது இந்தச் சீட்டு?" இவர் வாயோரம் லேசாக இழுத்தது. நான் பார்த்தேன்.

ஞானமுத்து அவசரமாகச் சொன்னார். "பங்களா அடுப்புல வைக்கலங்க. வெளிய மூணு கல்லு கூட்டி, மூடி மேல தணலு போட்டு நாந்தான் வேக வச்சேன். சாயங்காலமாத் தூறிக்கிட்டு இருந்துச்சு. அம்மா பக்கத்துலயே கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னாக. உருளக்கெழங்கு, பாலு, வெண்ணெ. அவ்வளவுதாங்க. கரண்டியும் புதுசு."

ஞாயிறு சமைக்காத வீடு. அதனால் நமக்கும் சனிக்கிழமையே செய்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பசி என்ன கேட்கும் என்று அவருக்கு எப்படித் தெரியுமோ.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்துக்குப் பிறகு இவர் கையை நீட்டி முதலில் எடுத்தார். மென்றார்.

"உப்பில்ல" என்றார். சட்டியைப் பார்த்துத்தான் சொன்னார், என்னை அல்ல. நான் எழுந்து உப்பை எடுத்து வைத்தேன். போட்டுக்கொண்டார்.

மே 17, திங்கள்
நோன்பு 13. அம்மா 37.

கடும் குளிர். அடுப்பு ஆறிவிட்டது.

இனி: நாளை சின்னத் தீ, ஈரம் காய. புதன் பெரிய தீ, நல்லா இருந்தால் அன்றைக்கே ஒரு சுற்று ரொட்டி. ரஸ்க் வியாழனுக்குள் ஆகாது. வெறும் ரொட்டிதான் அம்மாவுக்கு. நனைக்கிற டீயில் அதை நனைத்துக்கொள்ளட்டும்.

கழுவினது வெள்ளனே. அடுப்பு வாய் குறுகல். மஸ்தான் அண்ணன் தொப்பை நுழையாது. இவருக்குத் தோள் அகலம். நான் நுழைந்தேன். அம்மா போனதிலிருந்து உடம்பு அப்படி இளைத்துப் போயிருக்கிறது. மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று, தேங்காய் நார், ஈரம் ஒற்றி எடுக்கச் சாக்கு. உள்ளே நிமிர முடியாது, முழங்காலில்தான் நிற்கலாம். கூரை தலையில் இடிக்கும். கரி வாசனை, அதற்குள் இன்னும் கொஞ்சம் வெல்ல வாசனை.

இவர் வெளியே நின்று வாளி வாளியாக உள்ளே தள்ளினார். கணக்கு மட்டும் சொன்னார்.

"ஒண்ணு."

ஊற்றி, தேய்த்து, சாக்கால் ஒற்றி, பிழிந்து, அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளினேன்.

"ரெண்டு."

மூன்றாவது மண் கலந்த தண்ணீர். பின்பக்கத்துச் செம்மண், காலையில் அவரே வெட்டி வைத்தது. அந்தத் திட்டின் மேல் குழைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் செங்கலின் நிறம் வந்தது. விரல் விறைத்துப் போயிற்று.

"நாலு." "அஞ்சு."

ஆறாவது வாளியில் தரை முழுக்கச் சிவப்பாக, சுத்தமாக. கை வைத்துத் தடவினேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்து வலது பக்கம், பிறகு இடது பக்கம், பிறகு கால் வரைக்கும் என்று, மௌத்தைக் குளிப்பாட்டுகிற வரிசையில், நான் இதைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுப்புக்கு ஏது நெற்றி.

"ஏழு. ஆச்சு, வெளிய வா."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு. நான் வரவில்லை. "அம்மா" என்றேன், உள்ளே குனிந்தபடி. சத்தம் என் காதுக்கே திரும்பி வந்தது.

"மைமூனு?"

"இன்னும் ஒரு வாளி குடுங்க."

"ஏழு ஆயிருச்சு. அசரத்து ஏழுதான் சொன்னாரு."

"இது அதுக்கில்லங்க."

வெளியே காலடிச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு டீ அடுப்புப் பக்கம் பாத்திரம் உரசுகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஆயிற்று.

வாளி வந்தது. உள்ளே ஒரு செம்பு போட்டிருந்தார். கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக் கலந்திருந்தார்.